அலுமினியமும் என் கன்னமும்

என் உயரம் 157 செ.மீ. இதைச் சொல்லாமல் சேஸி ரைஃபிள், அதாவது மரக்கட்டைக்குப் பதிலாக அலுமினியச் சட்டத்தில் பூட்டிய ரைஃபிள், பற்றிப் பேசினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

தொலைதூரச் சுடுதலை நான் பழக ஆரம்பித்தது மரக்கட்டை போட்ட ஒரு .308 வேட்டை ரைஃபிளில். டிரிகரிலிருந்து தோளில் படும் ரப்பர் வரை அதன் கட்டை 13 முக்கால் அங்குலம். எனக்கு வேண்டியது 12-க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்த ஒன்றரை அங்குல வித்தியாசத்தை என் கழுத்துதான் சுமந்தது. முகத்தை முன்னுக்குத் தள்ளி, வலது கையை முழுசாக நீட்டி, விரல் நுனியால் டிரிகரைச் சுரண்டுவேன். போதாததற்கு, பெரிய வில்லை உள்ள ஸ்கோப்பை உயரமான வளையத்தில் மாட்டியிருந்தேன். கட்டையில் கன்னம் படாது, தாடைதான் படும். ஸ்கோப்புக்குள் ஒரு பக்கமாகக் கறுப்பு நிலா ஏறும். தலையை ஆட்டி அதைத் துரத்திவிட்டு அமுக்குவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும்.

ஒரு பழைய உடற்பயிற்சிப் பாயை வெட்டி, மூன்று மடிப்பாக மடித்து, கட்டையின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். பார்க்க அடிபட்ட காலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் டேப் இளகி நகரும். இருந்தாலும் அன்றுதான் முதல்முறையாக 600 மீட்டர் தூரத்து இலக்குத் தகட்டில் வரிசையாக ஐந்து தோட்டா பட்டது. சுடுதளத்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் அந்தக் கட்டைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, துப்பாக்கிக்குக் காய்ச்சலா?" என்றார்.

சேஸி போட்ட ரைஃபிள் ஒன்றை வாங்கியது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. தொழிற்சாலையிலேயே எல்லாம் பூட்டி, பெட்டியில் வரும் வகை. ஆலன் சாவியோடு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். பின்பக்க நீளத்தைக் குறைத்தேன், கன்னத்தாங்கியை ஏற்றினேன், தோள் ரப்பரைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அப்புறம் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தானாக விழ விட்டுக் கண்ணைத் திறந்தேன். ஸ்கோப் முழுக்க வெளிச்சம், ஓரத்தில் துளி நிழல் இல்லை. அன்று ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஆனாலும் வாங்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

விளம்பரங்களோடு எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. சேஸியைத் துல்லியம் என்று சொல்லி விற்கிறார்கள். அலுமினியத்தைக் குடைந்த படம், பக்கத்தில் மூன்று ஓட்டைகள் ஒன்றாகக் கலந்த காகிதம். இதை மாட்டினால் அது வரும் என்பதுபோல. என் அனுபவத்தில் சேஸி தோட்டாவுக்குச் செய்யும் உதவி கொஞ்சம், உடம்புக்குச் செய்யும் உதவி நிறைய. அந்த இரண்டாவது விஷயத்தை யாரும் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

தோட்டாவுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். நேற்று பேரலைத் தொடாமல் விலகி நின்ற கட்டை இன்று மழைக்குப் பிறகு லேசாகத் தொடும். தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். அதைத் தடுக்க எபாக்ஸி பசை வார்த்து, பேரல் பூட்டியிருக்கும் உலோக உடலான ஆக்‌ஷன் உட்காரும் இடத்தை அச்சுப் போலச் செய்வது பழைய கைவேலை. சேஸி இந்தத் தொல்லையை உலோகத்தால் தீர்த்தது. பெரும்பாலான சேஸிகளில் ஆக்‌ஷன் உட்காரும் இடம் ஆங்கில வி எழுத்துப் போல இரண்டு சரிவாக இருக்கும். உருண்டை ஆக்‌ஷன் அந்தச் சரிவுகளின் நடுவில் தானாகவே போய் அமரும். கழற்றி மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பும்.

இந்த யோசனையைப் பரவலாக்கியதில் அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1978-இல் தொடங்கியவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வாங்கியவர். அவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்த எல்96 ரைஃபிளில் நடுவில் ஓர் அலுமினியச் சட்டம் ஓடும், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோல் மூடியிருக்கும். அந்தச் சட்டம்தான் இன்றைய சேஸிகளுக்கு முன்னோடி. சுட்டுத் தங்கம் வாங்கிய ஒருவர் இருந்த பட்டறையிலிருந்து அது வந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி. வெறும் பொறியியல் ஆசையில் பிறந்த பொருளாக அது எனக்குத் தெரியவில்லை.

சரி, சேஸியால் குரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம், சுருங்குமா? ஒருமுறை சோதித்தே பார்த்தேன். என் ரைஃபிளின் ஆக்‌ஷன் பரவலாகப் புழங்கும் ரெமிங்டன் 700 ரைஃபிளின் அளவுக்குப் பொருந்தும். அண்ணனிடமும் அதே அளவில், எபாக்ஸி வார்த்த மரக்கட்டை ஒன்று இருந்தது. கடன் வாங்கினேன். அதே பேரல், அதே ஸ்கோப், ஒரே பெட்டி எண் கொண்ட தோட்டா. படுத்துக்கொண்டு, முன்னால் பைபாட் என்ற இரண்டு கால் தாங்கி, பின்னால் மணல் பை, 100 மீட்டர். சேஸியில் பத்துப் பத்தாக ஐந்து குரூப், கட்டையில் அதே போல ஐந்து. இரண்டின் சராசரியும் 1.1 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம், 100 மீட்டரில் ஏறத்தாழ 3 செ.மீ.) பக்கத்திலேயே நின்றன. இதில் சேஸி எது, கட்டை எது என்று காகிதத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் அதே இரண்டையும் ஒரு மரத் தடுப்பின் மேல் வைத்து, நின்றபடி, 400 மீட்டரில் 25 செ.மீ. தகட்டைச் சுட்டேன். கட்டையில் 20-க்கு 9. சேஸியில் 20-க்கு 15. இருபது தோட்டாவை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் எதனால் மாறியது என்பது உடம்புக்கே தெரிந்தது. கட்டையில் ஒவ்வொரு முறையும் தலையை வைக்க இடம் தேடினேன். சேஸியில் தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய வேட்டைக் கட்டையில் தோள் படும் இடம் பேரலின் கோட்டுக்குக் கீழே தாழ்ந்து இருக்கும். உதைக்கும்போது ரைஃபிள் பின்னால் வருவதோடு முனையும் எகிறும். சேஸியில் பேரலும் தோளும் ஏறத்தாழ ஒரே கோட்டில். உதை நேராகப் பின்னால் வரும், ஸ்கோப்பில் படம் குதித்து ஓடாது. 900 மீட்டருக்கு என் ரைஃபிளின் 6.5 கிரீட்மோர் வகைக் குண்டு போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் படம் திரும்பவும் தகட்டின் மேல் வந்துவிட்டால், குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்று நானே பார்க்கலாம். பார்த்தால் அடுத்த தோட்டாவைத் திருத்தலாம். தனியாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு, பக்கத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு சொல்ல ஆளில்லாதவர்களுக்கு, இது அரை எம்.ஓ.ஏ. துல்லியத்தைவிட மேலான வரம்.

அந்த அரை எம்.ஓ.ஏ. பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். என் ரைஃபிள் பெட்டிக்குள் ஒரு சோதனை அட்டை இருந்தது. மூன்று தோட்டா, 0.6 எம்.ஓ.ஏ. முதல் நாள் நான் பத்து சுட்டேன். 1.2 வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. பேரலைக் குறை சொன்னேன், தோட்டாவைக் குறை சொன்னேன், கடைசியில் என்னையே குறை சொன்னேன்.

பிறகுதான் கணக்கு புரிந்தது. குரூப் என்பது மிகத் தூரமாக விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. எண்ணிக்கை கூடக்கூட, எங்கோ ஒன்று விலகி விழும் வாய்ப்பும் கூடும். ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே தோட்டா. மூன்று சுட்டுச் சராசரி 1 வந்தால், ஐந்து சுடும்போது சராசரி 1.27 ஆகும், பத்து சுடும்போது 1.58 ஆகும். ரைஃபிள் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, அது புள்ளியியல். அப்படிப் பார்த்தால் 0.6 அட்டைக்குப் பத்துத் தோட்டாவில் 0.95 வரவேண்டும். அதிலும் அந்த அட்டை ஒரே ஒரு குரூப், நல்ல வேளையில் விழுந்ததாகவும் இருக்கலாம். என் 1.2 ஒன்றும் அவமானம் இல்லை. எம்.ஓ.ஏ. உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது எத்தனை தோட்டா என்றுதான். மூன்று என்றால் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஒரு எம்.ஓ.ஏ. என்பது 900 மீட்டரில் 26 செ.மீ. அகலம். அதே தூரத்தில் 140 கிரெயின் (ஏறத்தாழ 9 கிராம்) எடையுள்ள 6.5 குண்டுக்கு, பக்கக் காற்றை மணிக்கு 2 கிலோமீட்டர் தப்பாகக் கணித்தால் சுமார் 20 செ.மீ. தள்ளி விழும். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் நொடிக்கு 9 மீட்டர் மாறினால் மேலும் கீழுமாக ஏறத்தாழ அதே அளவு போகும். முக்கால் எம்.ஓ.ஏ. ரைஃபிளா, ஒரு எம்.ஓ.ஏ. ரைஃபிளா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள், மணிக்கு 2 கிலோமீட்டர் காற்று கன்னத்தில் எப்படிப் படும் என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கட்டும். என்னால் இன்னமும் முடியவில்லை.

தொழிற்சாலை சேஸி ரைஃபிள் என்ற வகையே பரவலானதற்கு 2015-இல் வந்த ரூகர் பிரிசிஷன் ரைஃபிள் ஒரு திருப்பம். அதுவரை சேஸி வேண்டுமென்றால் பெரும்பாலும் ராணுவ வகை விலை உயர்ந்த ரைஃபிளை வாங்க வேண்டும், அல்லது ஆக்‌ஷன் ஒரு இடம், பேரல் ஒரு இடம், சேஸி ஒரு இடம் என்று தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். ரூகர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டது. தோட்டாவை அடைத்துப் பூட்டும் தண்டான போல்ட்டில் மூன்று பூட்டுக் காதுகள், திறக்க 70 டிகிரித் திருப்பு, மடியும் பின்பகுதி, 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ள ஸ்கோப் தண்டவாளம். அந்தச் சாய்வைச் சிலர் அலட்சியமாக விடுகிறார்கள். அது இல்லாவிட்டால், 1000 மீட்டருக்கு ஏற்றும்போது சில ஸ்கோப்புகளில் உயரம் மாற்றும் திருகு அதற்கு மேல் திரும்பாது. நண்பர் ஒருவருடைய அந்த ரைஃபிளில் இருநூறு தோட்டா சுட்டிருக்கிறேன். முன்பக்கம் கனம், போல்ட் கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் சொன்ன வேலையைச் செய்கிறது. அழகு என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த சேஸி ரைஃபிள்களில் அழகானது என்று எதையுமே சொல்ல மாட்டேன், எல்லாமே ஏணியும் ஸ்பேனரும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரிதான்.

டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1 என்ற இன்னொரு தொழிற்சாலை சேஸி ரைஃபிளின் போல்ட் வேறு ஜாதி. இரண்டு காதுதான், ஆனாலும் 70 டிகிரியில் திறக்கும். எண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடும். சாக்கோவும் டிக்காவும் ஒரே தொழிற்சாலையில் பிறப்பவை, அது கையில் எடுத்தாலே தெரியும். என் குறை ஒன்றுதான். பேரலின் அடியில் உள்ள விளிம்பு முட்டும்வரை திருகி இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள், மாற்றும் நாளில் நல்ல வைஸும் ஆக்‌ஷன் பிடியும் வேண்டும். சேவேஜும் ரூகரும் பேரலை நட்டு வைத்துப் பூட்டுகிற முறை. பேரலை உள்ளே திருகி, தோட்டா அறையின் ஆழம் சரியா என்று காட்டும் கோ அளவுகோல் வைத்துச் சரிபார்த்து, நட்டை இறுக்கி, நோ-கோ அளவுகோலில் போல்ட் மூடக்கூடாது என்று உறுதிசெய்தால் வேலை முடிந்தது. பழகிய கை என்றால் ஒரு மாலைப்பொழுது போதும்.

பெர்காரா பி-14 ஹெச்.எம்.ஆர். இந்தப் பட்டியலில் சேருமா என்று கேட்பார்கள். வெளியே பிளாஸ்டிக் கட்டை, உள்ளே சின்ன அலுமினியச் சட்டம். முழு சேஸி இல்லை. என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு இதுவே போதும். கன்னத்தாங்கி ஏறும், நீளத்தைத் துண்டு வைத்துக் கூட்டிக் குறைக்கலாம், குளிர்காலையில் கன்னத்தைச் சுடவும் சுடாது. ஆமாம், சுடும் என்றுதான் சொன்னேன். உறைபனியில் அலுமினியத்தின் மேல் முகத்தை வைத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குளிர் சூடுபோட்ட மாதிரிதான் இருக்கும். இன்னொரு பக்கம், நண்பகல் வெயிலில் கிடந்த சேஸியை இடது கையால் பிடித்துவிட்டு உதறியிருக்கிறேன்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். என் ரைஃபிள் எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும், விஷயத்தைப் பற்றி இருக்காது.

முதல் 200 தோட்டா நன்றாகப் போனது. அப்புறம் குரூப் விரியத் தொடங்கியது. 1.2 இருந்தது 2 ஆனது, ஒரு சனிக்கிழமை 3-ஐத் தொட்டது. நான் தோட்டா மாற்றினேன், பேரலைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், ஸ்கோப்பைக் கழற்றி வேறு ஸ்கோப் போட்டேன். மூன்று வாரமும் இரண்டு பெட்டித் தோட்டாவும் போன பிறகு, அண்ணன் வந்து ரைஃபிளை வாங்கி, முன் திருகில் ஆலன் சாவியை வைத்தார். விரலாலேயே திரும்பியது. தொழிற்சாலையில் இறுக்கவே மறந்திருக்கிறார்கள், அல்லது இறுக்கியது இளகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து புது ரைஃபிள் எது கைக்கு வந்தாலும், யாருடையதாக இருந்தாலும், முறுக்கு அளக்கும் சாவியைத்தான் முதலில் எடுக்கிறேன். அலுமினிய சேஸியில் ஆக்‌ஷன் திருகுக்குப் பெரும்பாலும் 65 அங்குல பவுண்டு சொல்வார்கள், ஏறத்தாழ 7.3 நியூட்டன் மீட்டர். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடுதான் சரி. இறுக்கும்போது ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, பின்பக்கத்தைத் தரையில் ஊன்றி, முன் திருகைப் பாதி, பின் திருகைப் பாதி என்று மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். உதையைத் தாங்கும் கட்டியான ரீகாயில் லக் எதன் மேல் சாய வேண்டுமோ அதன் மேல் சாய்ந்து உட்காரும். ஸ்கோப் வளையத் திருகுகளை அதே வீரத்தோடு இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், அதற்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல பவுண்டு போதும். இறுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலும் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். கோடு நகர்ந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மடியும் கீலைப் பற்றி எனக்குக் கசப்பு உண்டு. என்னுடையது ஆறு மாதத்தில் லொடலொட ஆனது. கன்னத்தை அழுத்தினால் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடும். மடிக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. பெட்டியில் வைக்கும்போது இரண்டு தடவை மடித்துப் பார்த்தது விளையாட்டுக்கு. கீல் இல்லாத சேஸி கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன், பின்பகுதி நேராகச் சட்டத்தோடு பூட்டியிருந்தால் ஒரு தொல்லை குறைவு.

பின்பகுதியின் அடிப்பாகத்தையும் பாருங்கள். நிறைய தொழிற்சாலை ரைஃபிள்களில் அது ஏ.ஆர். எனப்படும் அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கியிலிருந்து எடுத்த வடிவம், அடிப்பக்கம் சரிவாகவோ கொக்கியாகவோ இருக்கும். மணல் பை அதன் கீழ் நிலையாக நிற்காது, உதைத்ததும் வழுக்கி வேறு இடத்துக்குப் போய்விடும். படுத்துச் சுடுபவருக்கு ரைஃபிளின் பின்னங்கால் அந்தப் பைதான். தட்டையான அடிப்பாகம் உள்ள துண்டு ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன். நான் செய்த மாற்றங்களில் முழுப் பலன் தந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கன்னத்தாங்கியில் இன்னொரு சின்னச் சதி. எனக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றினால், போல்ட்டை முழுசாகப் பின்னுக்கு இழுத்து வெளியே எடுக்க முடியாது, தாங்கி வழி மறிக்கும். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யவும் இறக்கி ஏற்ற வேண்டும். அளவுக்கோடு போடாத தாங்கி என்றால் பழைய உயரம் காற்றோடு போச்சு. நான் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறேன். சிவப்பு. சுடுதளத்தில் கேலி செய்தவர்களில் இரண்டு பேர் பிறகு அதே பாட்டிலைக் கேட்டு வாங்கிக் கோடு போட்டார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம். முழு அலுமினிய முன்பக்கம் உள்ள சில சேஸிகளில் போல்ட்டை வெறுமனே மூடி டிரிகரை அமுக்கினால் டிங் என்று மணி அடிக்கும். துல்லியத்துக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. உள்ளே கொஞ்சம் நுரைத் துண்டு திணித்தேன், ஊமையாகிவிட்டது.

கனத்தைப் பற்றி நான் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. வெறும் ரைஃபிளே ஏறத்தாழ 5 கிலோ, ஸ்கோப்பும் பைபாடும் சேர்ந்தால் 6 கிலோவைத் தாண்டும். 2012-இல் பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ் என்ற தொலைதூரப் போட்டித் தொடர் தொடங்கியதிலிருந்து போட்டிக்காரர்கள் சேஸியின் வயிற்றில் எஃகுத் தகடுகளைத் திருகி 9, 10 கிலோ வரை கொண்டுபோகிறார்கள். தடுப்பின் மேல் வைத்துச் சுட அது நல்லது, ரைஃபிள் கல் மாதிரி உட்காரும். ஆனால் அடுத்த நிலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நான். மொத்தக் கனத்தைவிட அது எங்கே சமநிலையில் நிற்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். மேகசினுக்கு ஒரு சாண் முன்னால் விரலை வைத்தால் ரைஃபிள் தராசு போல நிற்க வேண்டும். நின்றால் 6 கிலோவே போதும்.

கைப்பிடியையும் சொல்லிவிடுகிறேன். என் கை சின்னது. பெட்டியில் வந்த கைப்பிடி தடிமன், விரலின் நடுப்பகுதி டிரிகருக்கு எட்டவே எட்டாது. ஒரே திருகைக் கழற்றி மெலிந்த ஒன்றை மாட்டினேன். மரக்கட்டையில் இதற்கு ரம்பமும் அரமும் வேண்டும், வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. என்னைப் போன்றவர்களுக்கும், பதினைந்து வயதில் பழக வருகிற பிள்ளைகளுக்கும் சேஸியைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும். வளர வளர ரைஃபிளும் கூடவே நீளும்.

மற்றபடி மாற்றுவதற்கு இருப்பவற்றில் முக்கால்வாசி ஆசைதான். முதல் வருடம் நானும் அந்தக் காய்ச்சலில் இருந்தேன். முன்பக்கத் தண்டவாளம், பக்கத்தில் பை, மேகசின் அருகில் தடுப்பான், உதையைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டும் விதவிதமான பிரேக். அந்தப் பணத்தையெல்லாம் ஒன்றுசேர்த்துத் தோட்டாவாகப் போட்டிருந்தால் காற்று படிக்க இன்னும் கொஞ்சம் கற்றிருப்பேன். டிரிகருக்கு மட்டும் விதிவிலக்கு. அது கரகரத்தால் மாற்றுங்கள், அதற்காக அழாதீர்கள்.

பேரல் தேயும் பொருள். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 6.5 கிரீட்மோர் என்றால் போட்டித் துல்லியம் 2500, 3000 தோட்டா வரை நிற்கும் என்பது பொதுவான கணக்கு. 6 மி.மீ. கிரீட்மோர் இன்னும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த இந்த 6.5-ஐ நான் எடுத்ததற்கு உதை குறைவு என்பதும் 900 மீட்டரைத் தாண்டியும் ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் என்பதும்தான் காரணம். என் நோட்டுப் புத்தகத்தில் இன்றைய தேதி வரை 2,340 தோட்டா. போன மாதம் பத்துக்குப் பத்தும் ஒழுங்காக விழுந்துகொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் ஒன்று வெளியே போனது. இந்த மாதம் இரண்டு. வேகமும் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சேஸிக்கு எதுவும் ஆகவில்லை, அதற்கு ஆயுசு கெட்டி. புது பேரல் அலமாரியில் இருக்கிறது, பக்கத்திலேயே கோவும் நோ-கோவும். மாற்றுவதற்கு முன்னால் பழையதை ஒரு கடைசிப் போட்டிக்குக் கூட்டிப்போக ஆசை. புத்திசாலித்தனம் இல்லைதான்.

போன வாரம் அண்ணன் முதல்முறையாக என் ரைஃபிளில் சுட்டார். இத்தனை வருடத்தில் அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவருக்காகப் பின்பகுதியை நீட்டினேன், தாங்கியை நகப்பூச்சுக் கோட்டுக்கு மேலே ஏற்றினேன். 600 மீட்டரில் ஐந்து தோட்டா. ஐந்தும் தகட்டில். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, ரைஃபிளை என்னிடம் நீட்டினார்.

"கன்னம் சில்லுனு இருக்கு, தங்கச்சி. எனக்கு மரம்தான்."

சொல்லிவிட்டு அவர் இடத்துக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முதலில் வேறு எதையோ பேசினார், காற்று திரும்பிவிட்டது என்றார், நாளைக்கு மழை வரும் என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, அந்தப் பழைய பாய்த் துண்டு இன்னும் வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.